முகம் இல்லாத கட்டடம்

கனஸாவாவுக்குப் போனபோது என் தோளில் ஒரு காமிராவும் மனத்தில் கொஞ்சம் ஆணவமும் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டடத்தைப் படம் பிடிப்பது என்ன பிரமாதம்? அது குழந்தையைப்போல் ஓடுமா, கல்யாண வீட்டுப் பெரியவர்களைப்போல் சரியான சமயத்தில் கண்ணை மூடிக்கொள்ளுமா? வெளிச்சம் பார்த்து நின்று விசையை அழுத்தினால் ஆயிற்று என்று நினைத்திருந்தேன்.

பத்து நிமிஷத்தில் அந்த நினைப்பு போய்விட்டது.

இருபத்தோராம் நூற்றாண்டுச் சமகாலக் கலைக்கூடம் என்பது அந்த இடத்தின் முழுப்பெயர். 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் திறந்தார்கள். பெயரின் நீளம் தாங்காமலோ என்னவோ, ஊர்க்காரர்கள் 'மாருபீ' என்று செல்லமாகச் சுருக்கிவிட்டார்கள். 'மாரு' என்றால் வட்டம். கஸுயோ ஸெஜிமா என்ற பெண்மணியும் ரியூயே நிஷிஸாவாவும் சேர்ந்து திட்டமிட்ட கட்டடம் அது. குறுக்களவு 112.5 மீட்டர். சுற்றிலும் கண்ணாடி. தட்டையான கூரைக்கு மேலே வெள்ளைப் பெட்டிகளைப்போலக் காட்சி அறைகள் வெவ்வேறு உயரத்தில் தலை நீட்டுகின்றன. வாசல்கள் பல, எந்தத் திசையிலிருந்து வருகிறவனும் நேரே உள்ளே நுழையலாம். ஆகவே முன்பக்கம் என்று ஒன்று கிடையாது, கொல்லைப்புறமும் கிடையாது.

சங்கடமே அதுதான். காமிராவுக்கு ஒரு முகம் வேண்டும். இரண்டு தடவை வட்டத்தைச் சுற்றி வந்தேன். எங்கே நின்றாலும் அதே வளைந்த கண்ணாடி, அதில் மரங்களின் சாயல், நடுவே காமிராவும் கையுமாக நான். கட்டடத்தை எடுக்கப் போய் என்னையே எடுத்துக்கொண்டிருந்தேன்!

சற்று நடந்தால் கென்ரோகுஎன் என்ற புகழ்பெற்ற பழைய தோட்டம் இருக்கிறது. முதல் நாள் அங்கே போயிருந்தேன். குளக்கரையில் இரண்டு கால்களுள்ள ஒரு கல்விளக்கு, ஒரு காலைத் தண்ணீரில் வைத்து நிற்கிறது. எல்லோரும் ஒரே இடத்தில் வரிசையாக நின்று, ஒரே படத்தை எடுத்துக்கொண்டு, திருப்தியோடு திரும்பினார்கள். நானும் திரும்பினேன். இந்த வட்டத்தைக் கட்டியவர்கள் அந்த வரிசைக்கு இடம் கொடுக்க விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

ஆனால் ஜனங்கள் விடுவார்களா? உள்ளே ஒரு முற்றத்தில் லியாண்ட்ரோ எர்லிச் என்ற அர்ஜென்டீனாக் கலைஞர் அமைத்த நீச்சல்குளம் இருக்கிறது. கண்ணாடித் தளத்தின்மேல் சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணீர். அதற்குக் கீழே ஓர் அறை. மேலிருந்து பார்த்தால், உடுத்திய துணியோடு மனிதர்கள் குளத்தின் அடியில் உலாவுவதுபோல் இருக்கும். வேடிக்கைதான், மறுக்கவில்லை. எந்தப் பத்திரிகையைத் திறந்தாலும் இந்தக் குளத்தின் படந்தான். முகமே வேண்டாம் என்று கட்டியவர்களுக்கு, வந்தவர்கள் ஒரு முகத்தைப் பொருத்திவிட்டார்கள். நானும் எடுத்தேன். என் படங்களில் அதுதான் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அதை எடுக்க நான் அவ்வளவு தூரம் போயிருக்க வேண்டாம்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். தாழ்வாரங்கள் நீண்டு, கட்டடத்தின் உள்ளே வெகுதூரம் பார்வைக்குத் திறந்து கிடக்கின்றன. அந்த வழியே நடந்தால் நடுவில் டிக்கெட் கேட்கிறார்கள். கண்ணுக்குத் திறந்த வழி காலுக்கு மூடியிருப்பது, எல்லோரையும் அழைக்கிற ஒரு கட்டடத்துக்கு அழகா என்று யோசித்தேன்.

ஆனாலும் வெளிச்சுற்றுக்குக் காசு இல்லை. இரவு பத்து மணிவரை யாரும் வரலாம். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. சோற்றுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று அந்த ஊரில் ஒரு வசனம் உண்டு. நான் மறந்திருந்தேன். கண்ணாடி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒரு பாட்டி ஒரு வாசலில் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். பையிலிருந்து வெங்காயத்தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எதையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. வளைவோடு வளைவாக நடந்து, வேறொரு வாசலில் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். பையன்கள் இருவர் தரையைப் பார்த்தபடி அவருக்குப் பின்னாலேயே போனார்கள். அவர்களுக்கு அது குறுக்குவழி.

கதை எழுதுகிறவனுக்கு இது உறைக்காமல் இருக்குமா? வாசகன் என் நடையை நின்று மெச்ச வேண்டும் என்றுதான் இருபது வருஷமாக எழுதிவந்திருக்கிறேன். அதன் வழியாக அவன் தன் வீட்டுக்குப் போய்ச் சேரலாம் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஊருக்கு வந்து படங்களைக் காட்டினேன். குளத்தைப் பார்த்ததும், "இதுதான் எல்லாப் பத்திரிகையிலும் வருகிறதே" என்றாள் என் மனைவி. கடைசிப் படம் கலங்கல். மழைக் கண்ணாடி, ஒரு குடை, ஒரு பை. "இதில் கட்டடம் எங்கே?" என்று கேட்டாள்.

மற்றவற்றை அழித்துவிட்டேன். அது மட்டும் இருக்கிறது.