எதிர்கொள்ளலும் எடுத்துக்கொள்ளப்படுதலும்: உயிர்த்தெழுதலின் காலவரிசை குறித்த கிறித்துவ விவாதம் – ஒரு திறனாய்வு

முன்னுரை

கிறித்து மீண்டும் வருவார் என்பதும், அப்பொழுது இறந்தோர் உயிர்த்தெழுவர் என்பதும் கிறித்துவச் சபைகளுக்குப் பொதுவான நம்பிக்கைகளாகும். அவ்வருகையின்போது உயிரோடிருக்கும் அடியார்கள் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவர் என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரம் கூறுகின்றது. இந்நிகழ்ச்சி ‘மகா உபத்திரவம்’ எனப்படும் பெருந்துன்பக் காலத்திற்கு முன்னர் நிகழுமா, இடையில் நிகழுமா, பின்னர் நிகழுமா என்பது ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாகச் சீர்திருத்தச் சபைகளின் ஒரு பகுதியினரிடையே நடந்துவரும் விவாதமாகும். அவ்விவாதத்தின் முதன்மையான சான்றுகளை மதிப்பிடுவதும், தமிழ் விவிலியத்தின் சொல்லாட்சி அச்சான்றுகளுக்கு எவ்வாறு துணைபோகிறது அல்லது தடையாகிறது என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். 1871ஆம் ஆண்டு வெளிவந்து, தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்காயுள்ள திருப்புதலின் சொற்களே ஈண்டு எடுத்தாளப்படுகின்றன.

விவாதத்தின் தோற்றம்

உபத்திரவத்திற்கு முன்னரே சபை எடுத்துக்கொள்ளப்படும் என்னும் கருத்து ஒழுங்குபடுத்தப்பட்ட கோட்பாடாக உருப்பெற்றது 19ஆம் நூற்றாண்டில்தான். பிளிமத் சகோதரர் இயக்கத்தைச் சேர்ந்த ஜான் நெல்சன் டார்பி (1800–1882) இசுரவேலையும் சபையையும் இருவேறு திட்டங்களுக்குரியனவாகப் பிரித்தார். தானியேல் நூலின் எழுபதாம் வாரம் இசுரவேலுக்கு உரியது. ஆதலால் அது தொடங்குமுன் சபை உலகினின்று நீங்க வேண்டும் என்பது அப்பிரிவினையின் விளைவாகும். அவ்வியக்கத்திற்குள்ளேயே பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன் இதனை மறுத்தார் என்பது நோக்கத்தக்கது. 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு குறிப்புரை விவிலியம் டார்பியின் வழிவந்த சிந்தனையை அமெரிக்க வாசகரிடம் கொண்டுசேர்த்தது. 1956இல் ஜார்ஜ் எல்டன் லாட் அதனை மறுத்து எழுதினார். 1957இல் ஜான் வால்வூர்டு அதனை ஆதரித்து நூல் வெளியிட்டார். 1973இல் ராபர்ட் கண்ட்ரி மறுப்பை மேலும் விரிவாக்கினார். 1995இல் தொடங்கிய ‘லெஃப்ட் பிஹைண்ட்’ புதின வரிசை இக்கோட்பாட்டை வெகுமக்கள் கதையாக்கியது.

உயிர்த்தெழுதல் ஒன்றா, பலவா

இவ்விவாதம் பெரும்பாலும் உயிரோடிருப்போரைப் பற்றியதாகவே நடைபெறுகிறது. ஆனால் அதன் உண்மையான இடர்ப்பாடு இறந்தோரைப் பற்றியதாகும். பவுல் கூறும் வரிசையில் இறந்தோரே முதலில் எழுகின்றனர். உயிரோடிருப்போர் அவர்களுடன் சேர்க்கப்படுகின்றனர். ஆகவே, எடுத்துக்கொள்ளப்படுதலை உபத்திரவத்திற்கு முன் நிறுத்துவோர் உயிர்த்தெழுதலையும் அதற்கு முன்னே நிறுத்தியாக வேண்டும்.

இங்குதான் சிக்கல் எழுகின்றது. தானியேல் பன்னிரண்டாம் அதிகாரம் ஒப்பற்ற இக்கட்டுக்காலத்தைக் கூறியபின்னரே இறந்தோர் விழித்தெழுவதைக் கூறுகின்றது. யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரம் உயிர்த்தெழுதலைக் ‘கடைசி நாளில்’ என்று நான்கு முறை குறிக்கின்றது. வெளிப்படுத்தல் இருபதாம் அதிகாரமோ மிருகத்தை வணங்க மறுத்து உயிர்நீத்தோர் எழுவதையே ‘முதலாம் உயிர்த்தெழுதல்’ என்கிறது. அவர்கள் உபத்திரவத்தில் மாண்டவர்கள் என்பது வெளிப்படை. அதற்கு ஏழாண்டுகள் முன்னரே சபையோர் எழுந்துவிட்டனரெனில், பின்னர் நிகழ்வது ‘முதலாம்’ எனப்படுவது எங்ஙனம்?

இதற்கு விடையாக, ‘முதலாம்’ என்பது எண்ணைக் குறியாது, நீதிமான்களுக்குரிய வகையைக் குறிக்கும். அது பல கட்டங்களாக நிகழும் என்று முன்னர் எனும் தரப்பினர் விளக்குவர். முதற்கனி, பின்னர் அறுவடை என்று பவுல் கொரிந்தியருக்குக் கூறும் ஒழுங்கையும் துணைக்கழைப்பர். இவ்விளக்கம் இலக்கண அளவில் இயலாததன்று. ஆயினும் பவுல் அவ்விடத்தில் காட்டும் ஒழுங்கில் கிறித்துவுக்கும் அவர் வருகையில் எழும் அவருடையோருக்கும் இடையே வேறு கட்டம் எதுவும் இல்லை. கட்டங்கள் மூலநூலிலிருந்து பெறப்படவில்லை. கோட்பாட்டின் தேவையால் நூலுக்குள் கொணரப்படுகின்றன எனலாம்.

காத்தலும் தப்புதலும்

முன்னர் எனும் தரப்பின் வலிமையான சான்றுகளுள் ஒன்று வெளிப்படுத்தல் மூன்றாம் அதிகாரத்தின் பத்தாம் வசனமாகும். பிலதெல்பியா சபைக்கு அளிக்கப்பட்ட அவ்வாக்குறுதியைத் தமிழ்த் திருப்புதல் ‘தப்பும்படி’ என்னும் சொல்லைச் சேர்த்து மொழிபெயர்த்துள்ளது. இதனைப் படிக்கும் தமிழ் வாசகர் துன்பக்காலத்தினின்று வெளியேற்றப்படுதலையே எண்ணுவது இயல்பு. ஆயின் கிரேக்க மூலத்தில் உள்ளது ‘காத்தல்’ என்னும் வினையும் ‘இருந்து’ எனப் பொருள்தரும் ‘எக்’ என்னும் இடைச்சொல்லுமே. அதே வினையும் அதே இடைச்சொல்லும் புதிய ஏற்பாட்டில் இணைந்து வரும் மற்றோரிடம் யோவான் பதினேழாம் அதிகாரத்தின் பதினைந்தாம் வசனமாகும். அங்கே, சீடர்களை உலகத்திலிருந்து எடுத்துவிட வேண்டாம் என்று இயேசு வெளிப்படையாகவே கூறித் தீமையினின்று காக்கும்படி வேண்டுகிறார். அவ்விடத்தில் தமிழில் ‘தப்பும்படி’ இல்லை. ஒரே தொடர் ஓரிடத்தில் தப்புதலாகவும் மற்றோரிடத்தில் காத்தலாகவும் தமிழில் பிரிந்துவிட்டது.

இதற்கு மாறான எச்சரிக்கையும் உண்டு. யோவானின் அவ்வசனத்தில் தமிழ் ஆளும் ‘எடுத்துக்கொள்’ என்னும் வினையே தெசலோனிக்கேயர் நிருபத்திலும் வருகின்றது. எனவே, இயேசு மறுத்த எடுத்துக்கொள்ளுதலையே பவுல் எவ்வாறு வாக்களிக்க இயலும் என்று பின்னர் எனும் தரப்பினர் வினவக்கூடும். அவ்வாதம் செல்லாது. மூலத்தில் அவை வெவ்வேறு வினைகள். பவுல் ஆண்ட ‘ஹர்பாசோ’ என்னும் வினை விரைந்து பறித்தலைக் குறிப்பது. யோவான் பத்தாம் அதிகாரத்தில் அதனைத் தமிழ் ‘பறித்துக்கொள்’ என்றே பெயர்த்துள்ளது. மொழிபெயர்ப்பின் ஒற்றுமையோ வேற்றுமையோ தனித்து நின்று கோட்பாட்டிற்குச் சான்றாகாது என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் உணர்த்துகின்றன.

எதிர்கொள்ளல்

மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவதன் நோக்கத்தைத் தமிழ்த் திருப்புதல் ‘எதிர்கொண்டுபோக’ என்று கூறுகின்றது. இச்சொல் தமிழ் மரபில் ஆழ்ந்த பொருளுடையது. கம்பராமாயணப் பாலகாண்டத்தின் எதிர்கொள் படலத்தில் சனகன் தயரதனை எதிர்சென்று வரவேற்று மிதிலைக்குள் அழைத்து வருகிறான். மதுரைச் சித்திரைத் திருவிழாவின் எதிர்சேவையிலும் மக்கள் கள்ளழகரை எதிர்சென்று வரவேற்க, அவர் நகருக்குள் எழுந்தருளுகிறார். எதிர்கொண்டோர் வந்தவரோடு திரும்பி வருவரேயன்றி, வந்தவரைத் திருப்பி அழைத்துக்கொண்டு அவர் ஊருக்குச் செல்வதில்லை.

பவுலின் ‘அபாந்தேசிஸ்’ என்னும் சொல்லும் இத்தகையதே என்பது பின்னர் எனும் தரப்பின் வாதமாகும். அப்போஸ்தலர் நடபடிகளின் இறுதி அதிகாரத்தில் ரோமாபுரிச் சகோதரர் அப்பியுபுரம் வரையும் மூன்று சத்திரம் வரையும் வந்து பவுலை எதிர்கொள்கின்றனர். பின்னர் பவுல் ரோமுக்குள் செல்கிறார். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் கன்னியர் மணவாளனை எதிர்கொண்டு அவனோடு திருமண வீட்டிற்குள் நுழைகின்றனர். இவ்விடங்களிலும் தமிழ் ‘எதிர்கொள்’ என்றே பெயர்த்திருப்பது அத்திருப்புதலின் சிறப்பாகும். எனினும், அக்கிரேக்கச் சொல் எல்லா இடங்களிலும் இம்மரபைச் சுட்டும் எனக் கூறவியலாது. சந்தித்தபின் செல்லும் திசையைப் பவுலும் வெளிப்படையாகக் கூறவில்லை. ஆதலின் இதனை உறுதிசெய்யும் சான்றாகக் கொள்ளாது, துணைச்சான்றாகக் கொள்வதே முறையாகும்.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கே நோக்குமிடத்து, உயிர்த்தெழுதலைப் பிளவுபடுத்தாமல் நூல்களைப் படிக்க இடமளிப்பது பின்னர் எனும் தரப்பே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆயினும் அத்தரப்பினரும் நிருபத்தைக் கால அட்டவணையாகவே படிக்கும்போது அதன் வினாவைத் தவறவிடுகின்றனர். தெசலோனிக்கேயர் கேட்டது, தாங்கள் துன்பத்திற்குத் தப்புவோமா என்பதன்று. துன்பம் ஏற்கெனவே அவர்கள் வாசலில் நின்றது. இறந்துபோன தம் உறவினர் ஆண்டவரின் வருகையில் பங்கின்றிப் போவரோ என்பதே அவர்தம் கலக்கம். இறந்தோர் பிந்தமாட்டார், முந்துவர் என்பதே பவுல் தந்த விடை. அதனாலேயே அப்பகுதி, காலத்தைக் கணியுங்கள் என்று முடியாமல், ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்னும் கட்டளையோடு முடிகின்றது. இறந்தோருக்காக எழுதப்பட்ட ஒரு பகுதி, உயிரோடிருப்போரின் அச்சத்திற்கான பகுதியாக மாறியதே இவ்விவாதத்தின் பெரும் இழப்பாகும்.