படம் புடிக்காதே என்பது யாருடைய சட்டம்?

போன வருஷம் ஒரு வன்கொடுமைப் புகாரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நாலு மணி நேரம் வாசலிலேயே உட்கார வைத்தார்கள். கூட வந்த தம்பி, வேப்பமரத்தடியில் காத்துக்கிடந்த நம் ஜனங்களைச் செல்போனில் படம் புடித்தான். ஏட்டய்யா ஓடிவந்து போனைப் புடுங்கினார். ‘இது பாதுகாப்பு ஏரியா, போட்டோ எடுத்தா உள்ள தள்ளிடுவேன்’ என்றார். படத்தை அழித்த பிறகுதான் போன் திரும்பி வந்தது.

எந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது? 1923இல் வெள்ளைக்காரன் போட்ட அலுவல் இரகசியச் சட்டம் ராணுவ முகாம், ஆயுதக் கிடங்கு போன்றவற்றைத் தடை செய்யப்பட்ட இடம் என்கிறது. நாட்டின் பாதுகாப்புக்குக் கேடு செய்யும் நோக்கத்தோடு அவற்றைப் படமாக்குவது குற்றம். போலீஸ் ஸ்டேஷன் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்று பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை 2022இல் சொல்லிவிட்டது. லாக்கப் உட்பட ஸ்டேஷன் முழுக்கக் கேமரா வைக்கச் சொல்லி உச்சநீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016இல் நடைமுறைக்கு வந்த 15ஏ(10) பிரிவோ, அச்சட்டக் குற்றங்கள் தொடர்பான நடவடிக்கைகளையெல்லாம் வீடியோவில் பதியச் சொல்கிறது. ஆக, கேமராவைக் கண்டு பயப்படுவது சட்டமல்ல, ஏட்டய்யாதான்.

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்துத் தாமிரபரணிக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் ‘நதியின் மரணம்’ பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு அங்கே கேமரா இல்லாதிருந்தால், ‘தண்ணியில தவறி விழுந்தாங்க’ என்பதே வரலாறாகியிருக்கும்.

கட்டுப்பாடே கூடாது என்று நான் வாதாடவில்லை. ஆயுதக் கிடங்கைப் படமெடுக்க நமக்கென்ன வேலை? பாதிக்கப்பட்ட பெண்ணின், குழந்தையின், பயந்துபோன சாட்சியின் முகத்தை மறைக்கத்தான் வேண்டும். இதில் நம் தோழர்களும் தவறுகிறார்கள். செத்த பிள்ளையின் உடம்பைப் போஸ்டராக்கும் அவசரத்தில் பெத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ஆனால் நம் ஊர்வலத்தில் போலீஸ் வீடியோக்காரர் ஒவ்வொரு முகமாய்ப் பதிவு செய்கிறார். அதற்குப் பேர் பாதுகாப்பு. நாம் திருப்பிப் புடித்தால் அது பாதுகாப்புக்குக் கேடாம். இது என்ன நியாயம்?

இனி தடுப்பவரிடம் ரெண்டு கேள்வி கேட்போம். எந்தச் சட்டப்பிரிவு, எழுதிக் குடுங்க. இந்தப் படத்தால் யாருக்கு ஆபத்து? அடிபட்டவருக்கு ஆபத்தென்றால் நாமே கேமராவை மூடிவிடலாம். அடித்தவருக்கு என்றால், எதற்கு மூட வேண்டும்?