கேட்டுவிட்டு எடுக்கும் படம்

சென்னையிலிருந்து வந்த குடும்பம் ஒன்றை, மலேசியாவில் நான் இருக்கும் ஜொகூர் பாருவின் இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தேன். சுவர், தூண், விதானம் என்று எங்கு பார்த்தாலும் கண்ணாடிச் சில்லுகள். குடும்பத் தலைவர் கைப்பேசியில் பிளாஷைப் போட்டுக்கொண்டு, நடந்தபடியே எடுத்துத் தள்ளினார். இடையில் என் ஊரை விசாரித்தார். யாழ்ப்பாணம் என்றேன். “சிலோன்ல என்னங்க இருக்கு? ஒரு புத்தர், ஒரு டீ எஸ்டேட், ஒரு பீச். ரெண்டே நாள்ல போட்டோ எடுத்து முடிச்சிடலாம்” என்றார். விருந்தாளியாயிற்றே, சிரித்து வைத்தேன். அவர் எடுத்தவற்றில் பாதிப் படங்களில் தூண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொட்டுத்தான் இருந்தது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். கண்ணாடிக்கு நேரெதிரே நின்று பிளாஷ் அடித்தால் வேறென்ன விழும்? பிளாஷை அணைத்து, கொஞ்சம் பக்கவாட்டில் நின்று, திரையில் பளிச்சென்று தெரியும் இடத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் குறைத்திருந்தால் கோயில் முழுவதும் படத்தில் வந்திருக்கும்.

அந்த ‘ரெண்டே நாள்’ இன்னும் என் காதில் நிற்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுக்காரரின் கேமரா இலங்கைத் தமிழரான எங்களுக்குக் கமரா. அவர்களுடைய ஸ்டூடியோ எங்களுக்கு ஸ்ரூடியோ. அங்கே “சார், ஒரு போட்டோ!” என்று தோளில் கை போட்டு நிற்பார்கள், முன்பின் தெரியாதவர்கூட வந்து சேர்ந்துகொள்வார். மெரினாவில் ஒரு காலத்தில் நடிகர்களின் ஆளுயர அட்டைப் படங்களை நட்டு வைத்திருந்தார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள. அந்தக் கலகலப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் நாம்தான் நிற்போம். மாமல்லபுரம் நம் காதுக்குப் பின்னால் ஒரு மூலையில் எட்டிப் பார்க்கும்.

எங்கள் பக்கத்தில் “ஒரு படம் எடுக்கலாமோ?” என்று கேட்டுவிட்டுத்தான் கமராவைத் தூக்குவோம். இதைப் பிறவிக் குணம் என்று நான் பெருமையடிக்க முடியாது. யுத்த காலத்தில் வடக்கில் தோளில் கமரா தொங்கினால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டியிருந்தது. பாலம், துறைமுகம், முகாம் எதையும் எடுக்கக்கூடாது. அருகில் நிற்பவருக்கும் நம்மால் தொல்லை வரலாம். ஆகவே கேட்டோம், காத்திருந்தோம், குறைவாக எடுத்தோம். 1995 ஒக்டோபர் முடிவில் யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் பகுதிச் சனம் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, அப்படி எடுத்தவையும் அல்பங்களோடு வீடுகளிலேயே தங்கிவிட்டன. தாத்தாவின் முகம் எப்படியிருந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லாத குடும்பங்கள் எங்களிடம் ஏராளம். அப்படியொரு ஊரிலிருந்து வந்தவன் ஒரு படத்துக்காக ஐந்து நிமிடம் நிற்பான்.

இந்தியாவைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. லின்னேயஸ் டிரைப் என்ற புகைப்படக்காரர் 1858இல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீள்படமாக்கினார். இன்றைய கைப்பேசியின் ‘பனோரமா’வுக்கு அன்றே போட்ட பிள்ளையார் சுழி அது. இந்தியப் புகைப்படக்காரர் ராஜா தீன்தயாளையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் கொழும்பில் பிறந்த புகைப்படக்காரர் லயனல் வென்ட் (1900–1944) ஒருவர் போதும், நாங்கள் தலை நிமிர. நிழலையும் மனித உடலையும் அவர் கண்ட விதம் வேறு.

கோயில்களை எடுத்துக்கொள்ளுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் கைப்பேசிக்குத் தடை. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாவற்றிலும் தடை செய்யச் சொன்னது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலும் உள்ளே படம் எடுக்க முடியாது. அதைச் சொல்ல அங்கே நீதிமன்றம் தேவைப்படவில்லை. இலங்கையிலும் வழக்குகள் இல்லாமலில்லை. புத்தர் சிலைக்கு முத்தமிடுவதுபோலப் படமெடுத்த பிரெஞ்சுப் பயணிகளுக்கு 2012இல் காலி நீதிமன்றம் ஒத்திவைத்த சிறைத்தண்டனை கொடுத்தது. சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். சிகிரிய ஓவியங்களை எடுக்கவே முடியாது. கொக்கலையில் கடலுக்குள் நட்ட கம்பத்தில் அமர்ந்து தூண்டில் போடுகிறவர்கள் படத்துக்குக் காசு கேட்பார்கள் என்பதும் உண்மை. கேட்டால் கொடுங்கள். வேலையை விட்டுவிட்டு நமக்காக முகம் காட்டுகிறார்கள்.

மலை இரயிலைப் பற்றி வாதம் வந்தால் ஊட்டிக்காரர்கள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1908இல் ஊட்டியைத் தொட்ட பாதை, 2005இல் உலக மரபுச் சின்னமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன்பெட்டிக்காரருக்குப் புகை மறைக்காது என்று காணொளிகளில் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கும். எங்கள் பக்க மலைப் பாதையில், தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் 1921இல் திறக்கப்பட்டது. தேயிலைச் சரிவில் ஏறி நின்றால் வளைவு முழுவதும் சட்டத்துக்குள் அடங்கும். எல்லாரும் இரயில் வரும்போது எடுக்கிறார்கள். போன பிறகும் கொஞ்சம் நில்லுங்கள், தண்டவாளத்தில் ஊர்ச்சனம் நடந்து வருவார்கள். படம் அதுதான். இரயில் கதவில் தொங்கி எடுப்பது வெளிநாட்டுக்காரர் கொண்டுவந்த பைத்தியம். எங்கள் பிள்ளைகளும் பழகிவிட்டார்கள், என்ன செய்வது.

யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. சென்னைக்காரர் குறை என்று நினைக்கக்கூடிய அதுதான் படமெடுப்பவனுக்கு வரம். சூரியன் அடிவானத்தைத் தொடும்வரை எதுவும் மறைக்காது. பனையின் நிழல் வயலில் நீண்டுகொண்டே போகும். வெப்ப மண்டலத்தில் அந்த மஞ்சள் வெளிச்சம் சட்டென்று தீர்ந்துவிடும் என்பதால் அரை மணி முன்னரே இடத்தைப் பிடிக்க வேண்டும். ஜொகூரிலும் இதே கணக்குத்தான். இங்கே சூரியன் ஏழு மணியளவில்தான் எழும். ஒன்பதரைக்கு முகமெல்லாம் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழத் தொடங்கிவிடும்.

பள்ளி விடுமுறைக்கு இங்கிருந்து தமிழ்நாடு போகிறவர்கள் தாராளமாகப் போங்கள்; அதிகாலையில் மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலை விட்டுவிடாதீர்கள். யாழ்ப்பாணம் போகிறவர்கள் மாலை ஐந்தரைக்குப் பண்ணைப் பாலத்தில் மேற்கே பார்த்து நில்லுங்கள். முழங்கால் தண்ணீரில் வலையோடு நிற்பவரிடம் முதலில் கேளுங்கள், பிறகு எடுங்கள். இரண்டு நாள் போதாது.