அடுக்கி வைத்த கேஷ்

எங்கள் ஊர் கம்பைநல்லூரில் விமானம் இறங்க இடமில்லை. சேலம் காமலாபுரம்தான் போக வேண்டும். ஆனால் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டரில் அங்கிருந்து கிளம்பி வடகிழக்கே திரும்பினால் ஊருக்கு மேலேயே வட்டமடிக்கலாம்.

இந்த சிமுலேட்டருக்குப் பிராசஸர் தேடுபவர்கள் கோர் எண்ணிக்கையில் மயங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. இறக்கையில் மோதும் காற்று, எஞ்சின், காக்பிட் கருவிகள் என்று கணக்கில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில் வரிசையாக ஓடுகிறது. அது திணறினால் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டும் கைகட்டி நிற்கும். பெருநகரத்துக்கு மேல் தாழப் பறந்தால் தெரியும்.

ஏஎம்டியின் எக்ஸ்3டி வகையின் அழகு இங்கேதான். 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியில் சில்லின் தலைமேல் 64 எம்பி கேஷ் நினைவகத்தை அடுக்கி, எல்3 கேஷை 96 எம்பி ஆக்கினார்கள். சமையல்காரர் கைக்கெட்டும் அஞ்சறைப் பெட்டி மாதிரி. அந்த ஒற்றை த்ரெட் ஒவ்வொரு தரவுக்கும் ரேம் வரை ஓட வேண்டாம். 2024இன் 9800எக்ஸ்3டியில் அந்த அடுக்கைக் கோர்களுக்கு அடியில் தள்ளினார்கள். சூடு சுலபமாக வெளியேறியது, வேகமும் ஏறியது. என்ன ஒரு யோசனை!

பழைய ஏஎம்4 போர்டு இருந்தால், பயாஸைப் புதுப்பித்து, 5800எக்ஸ்3டி கிடைத்தால் போடுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் எட்டு கோரோடு நிறுத்தி, மிச்சப் பணத்தில் நல்ல ஜாய்ஸ்டிக் வாங்குங்கள்.