இரண்டாம் டிகாஷன்

எங்கள் வீட்டு ஃபில்டர் மூன்று பேருக்கானது. வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். இந்தக் கணக்கு இடிக்கிறதே என்று யாரும் கேட்டதில்லை. தாத்தாவுக்கும் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் முதல் டிகாஷன். அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் ஊற்றி இறக்கிய இரண்டாம் டிகாஷன் பாட்டிக்கும் பெரியம்மாவுக்கும் அம்மாவுக்கும். எனக்கு, பெரிய பெண்ணாகும் வரை, வெறும் பால். பாத்திரம் தேய்க்க வரும் அக்கா ஏழு பேர் கணக்கில் வராதவர். மிஞ்சியதில் இன்னொரு தரம் வெந்நீர் விட்டு, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, அவருக்கென்று கொல்லைப்புற மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் டம்ளரில் ஊற்றுவார்கள்.

பொடி ஒன்றுதான், ஃபில்டரும் ஒன்றுதான். ஆனால் அந்த வீட்டின் மேல் கீழ் முழுவதும் ஒவ்வொரு நாள் காலையிலும் அதன் ஓட்டைகள் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

தஞ்சாவூர்க் கடைத்தெருவில் ஆறு பேருக்கான ஃபில்டரும் விற்றது. அம்மாவே அதைப் பார்த்திருக்கிறார். ஏன் வாங்கவில்லை என்று பல வருடம் கழித்துக் கேட்டேன். "பெரிய ஃபில்டர்ல டிகாஷன் கெட்டியா இறங்காதுடி" என்றார். இது பாதி உண்மை. பெரிய ஃபில்டரில் கொஞ்சமாகப் பொடி போட்டால், பரப்பு அதிகம் என்பதால் பொடியின் படுகை மெல்லியதாகி, தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அளவுக்கேற்ற பொடி போட்டுக் குடையை வைத்து அழுத்தினால் பெரிய ஃபில்டரிலும் கள்ளிச்சொட்டு மாதிரிதான் இறங்கும். அம்மா சொல்லாமல் விட்டது பொடியின் விலையை. பொடி சிக்கனப்பட வேண்டியிருந்தது, நியாயம்தான். ஆனால் அந்தச் சிக்கனம் எப்போதும் ஒரே ஆட்களின் டம்ளரில்தான் விடிந்தது.

போன வருடம் என் ஃபில்டரின் அடித்தட்டு நெளிந்துபோய், புதிதாக எதை வாங்கலாம் என்று பார்த்தபோதுதான் இதெல்லாம் மறுபடி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஏற்ற காபிக் கருவி எது என்று வழிகாட்டும் எழுத்து இப்போது நிறைய இருக்கிறது. பித்தளை ஃபில்டர், எவர்சில்வர் ஃபில்டர், மின்சாரத்தில் டிகாஷன் இறக்கும் இயந்திரம், பிரெஞ்சு பிரஸ், மோகா பாத்திரம், எஸ்பிரெசோ இயந்திரம் என்று வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ருசி, மணம், விலை, தோற்றம், கொள்ளளவு என்று மதிப்பெண் போடுகிறார்கள். நானும் கவனமாகப் படித்தேன். பல விஷயங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் நான் படித்தவரை அவற்றில் 'நீங்கள்' என்று அழைக்கப்படுபவர் குடிப்பவர் மட்டுமே. முந்தின இரவு பொடி போட்டு வைப்பது யார், மற்றவர்கள் எழும்போது டிகாஷன் தயாராக இருக்க எத்தனை மணிக்கு எழ வேண்டும், அடைத்துக்கொண்ட ஓட்டையை அடுப்பு நெருப்பில் காட்டித் தட்டுவது யார் என்பதற்கெல்லாம் மதிப்பெண் இல்லை. கொள்ளளவைச் சொல்லும்போதுகூட 'எத்தனை பேருக்கு' என்று சொல்லுகிறார்கள். எந்த டிகாஷன் எத்தனை பேருக்கு என்று சொல்வதில்லை.

காபியின் தீர்ப்பு குடிப்பவர் வாயிலிருந்து வருவது நமக்கு மிகவும் பழக்கம். 'பேஷ் பேஷ், ரொம்ப நன்னாயிருக்கு' என்ற நரசுஸ் விளம்பர வரி தமிழ்நாடு முழுவதும் தெரியும். அது உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் சொல்கிறவரின் வரி. அதுவும் ஒரு சாதியின் பேச்சில். நல்ல காபி எது என்று சொல்லும் உரிமை யாருடைய நாக்குக்கு உண்டு என்பதில் இரண்டு கேள்விகளுக்கு ஒரே வரியில் விடை சொல்லியாகிவிட்டது.

ருசி என்ற சொல்லை நான் சந்தேகிக்கத் தொடங்கியதற்கு 1950இல் வெளியான ஓர் ஆய்வும் காரணம். இன்ஸ்டன்ட் காபி அமெரிக்காவில் பரவத் தொடங்கிய காலம். ஏன் பிடிக்கவில்லை என்று நேரடியாகக் கேட்டால் இல்லத்தரசிகள் 'ருசி சரியில்லை' என்றார்கள். மேசன் ஹேர் என்ற உளவியலாளர் அதை அப்படியே நம்பவில்லை. இரண்டு மளிகைப் பட்டியல்கள் தயாரித்தார். இறைச்சி, ரொட்டி, கேரட், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் நெஸ்கஃபே இன்ஸ்டன்ட், இன்னொன்றில் வடித்துப் போடும் மேக்ஸ்வெல் ஹவுஸ் காபித்தூள். அது ஒன்றுதான் வித்தியாசம். ஒரு பட்டியலை மட்டும் காட்டி, இதை வாங்கிய பெண் எப்படிப்பட்டவள் என்று எழுதச் சொன்னார். நெஸ்கஃபே பட்டியலைப் பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் அவள் சோம்பேறி என்றார்கள். இன்னொரு பட்டியலில் அப்படிச் சொன்னவர்கள் நூற்றுக்கு 4 பேர். நல்ல மனைவி அல்ல என்று எழுதியவர்களும் உண்டு, அதுவும் இன்ஸ்டன்ட்காரிக்கு மட்டும். ஒரு டப்பா காபித்தூளிலிருந்து ஒரு பெண்ணின் குணம் முழுவதையும் வடித்து இறக்கியிருந்தார்கள். எழுதியவர்களும் பெண்கள்தான். அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊருக்கு அந்த ஆய்வு தேவையே இல்லை. விருந்தாளி வந்திருக்கும்போது சமையலறையிலிருந்து டப்பாவுக்குள் கரண்டி படும் சத்தம் கேட்டால் கூடத்தில் முகங்கள் எப்படி மாறும் என்று நமக்குத் தெரியும். 'புதுசா டிகாஷன் போட்டேன்' என்று சொல்லிக்கொண்டே காபி கொண்டு வரும் பெண் காபியைப் பற்றி மட்டுமா பேசுகிறாள்?

எங்கள் அம்மா துவரம்பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒரு சின்ன பாட்டில் இன்ஸ்டன்ட் காபித்தூள் மறைத்து வைத்திருந்தார். மதியம் மூன்று மணிக்கு, மற்றவர்கள் தூங்கும்போது, தனக்கு மட்டும் அரை டம்ளர் கலந்து கிணற்றடியில் உட்கார்ந்து குடிப்பார். தனக்கென்று அவர் ஃபில்டர் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டின் மானத்துக்கு ஃபில்டர், அவருக்கு அந்த பாட்டில். அதை எடுத்தது தெரிந்துவிட்டால் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு ஐம்பது வயதிலும் இருந்தது.

கருவிகள் மாறினால் பெண்களின் வேலை குறையும் என்று நாம் நம்புகிறோம். ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் வெளியிட்ட 'மோர் வொர்க் ஃபார் மதர்' நூலில் இந்த நம்பிக்கையை ஆராய்கிறார். புதிய அடுப்பும் ஆலை மாவும் வந்தபோது மிச்சமானது பெரும்பாலும் விறகு வெட்டிய, மாவு அரைத்த ஆண்களின், பிள்ளைகளின் வேலை. சமைப்பவளின் வேலை குறையவில்லை, சில இடங்களில் கூடவும் செய்தது என்கிறார். படித்தபோது எங்கள் தாத்தா கண்முன் வந்தார். அந்தக் காலத்தில் பச்சைக் கொட்டை வாங்கி வீட்டிலேயே வறுப்பார்கள். வறுப்பது பாட்டி. மேசை விளிம்பில் முடுக்கிய கை மெஷினில் அரைப்பது தாத்தா. காபியில் ஓர் ஆண் கை வைத்தது அந்த இடத்தில் மட்டும்தான். பிறகு வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வந்தது. தாத்தாவின் வேலை முழுதாக ஒழிந்தது. அம்மா மட்டும் விடியற்காலையில் எழுவதை நிறுத்தவில்லை. 2019ஆம் ஆண்டு இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். ஈடுபடும் ஆண்களே நாலில் ஒருவர்தான் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

செய்பவளின் பக்கத்திலிருந்து வந்த கருவியும் ஒன்று உண்டு. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்தில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, வண்டல் கலந்து கசக்கும் காபியும் துணி வடிகட்டியைக் கழுவும் வேலையும் அலுத்துப்போய், ஒரு பித்தளைப் பாத்திரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, மகனின் பள்ளி நோட்டிலிருந்த மையொற்றுத் தாளைக் கிழித்து அதில் வைத்தார். 1908இல் அதைப் பதிவு செய்து நிறுவனமும் தொடங்கினார். நல்ல காபியையும் கழுவும் வேலையையும் ஒரே கேள்வியாகப் பார்த்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். தாளை வண்டலோடு சுருட்டி எறிந்துவிடலாம்.

அந்தத் தாள் வடிகட்டியின் இன்றைய நிலை வேடிக்கையானது. நுண்ணிய தராசு, கொக்குக் கழுத்துக் கெட்டில், நேரம் காட்டும் கருவி எல்லாம் சேர்த்து இப்போது அது ஆண்களின் பொழுதுபோக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓர் ஆண் பதினைந்து கிராம் பொடியை நிறுத்து, வட்டம் வட்டமாக வெந்நீர் ஊற்றினால் அது கலை. நாற்பது வருடம் கை அளவிலேயே அதைச் செய்தவளுடையது கைப்பக்குவம். ஒருநாள் பிசகினால் 'இன்னிக்கு என்ன ஆச்சு உனக்கு?' ஆண்கள் காபி போடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான், வாரநாளிலும் போட்டால். அந்தத் தராசுக்கு அடியில் சிந்தியதைத் துடைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

பித்தளை விஷயத்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையில் கும்பகோணம் டிகிரி காபி என்று பலகை வைத்த கடைகளில் பித்தளை டவரா டம்ளரில் கொடுக்க ஆரம்பித்த பிறகு, வீடுகளுக்கும் பித்தளை ஃபில்டர் திரும்பி வந்துவிட்டது. பாரம்பரியம் என்கிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பாட்டி பித்தளையைப் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிய நாளை ஒரு விடுதலை நாள் போலச் சொல்வார். புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அவர் விரல் நுனிகள் வெடித்திருந்தன. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்தால் ஈயம் பூசுபவர் தெருவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவர் தூக்கிப் போட்டதைத்தான் இன்று நாம் அதிக விலை கொடுத்து வாங்கி வருகிறோம். தேய்ப்பது நாமல்ல என்றால் வாங்குவது இன்னும் எளிது.

தேய்ப்பவருக்கு எந்த டம்ளரில் காபி? 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் மாதக்கணக்கில் மறியல் செய்தது. உணவகத்துக்குப் பலகை இருந்தது, அதை அழிக்கச் சொல்ல முடிந்தது. எங்களைப் போன்ற இடைநிலைச் சாதி வீட்டின் கொல்லை மாடத்துக்குப் பலகை ஏது? மாடம் போனபின் ஜன்னல் விளிம்பு வந்தது, அப்புறம் கைப்பிடி உடைந்த மக், இப்போது காகிதக் கப். சுகாதாரம் என்று பெயர் மாறியிருக்கிறது. பெண்ணியம் பேசும் நானும் தனிக் குடித்தனம் வந்த முதல் சில வருடங்கள் ஒரு டம்ளரைத் தனியாகத்தான் வைத்திருந்தேன், 'அவங்களே அதைத்தான் எடுத்துக்கிறாங்க' என்ற சமாதானத்தோடு. வேறு டம்ளர் எதுவும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

கடைசியில் வாங்கியது ஆறு பேருக்கான சாதாரண எவர்சில்வர் ஃபில்டர். வீட்டில் இருப்பது நான்கு பேர், உதவிக்கு வருபவரோடு ஐந்து. முதல் டிகாஷனையும் இரண்டாவதையும் ஒரே பாத்திரத்தில் கலந்துவிடுகிறேன். அதற்கேற்ற பொடிக்கு மாதச் செலவு கூடியிருக்கிறது. கணவருக்கு அதிலும் காபியிலும் கொஞ்சம் குறை உண்டு. முதல் நாள் அம்மாவுக்கு, ஒரு பரிசு போல, கலக்காத முதல் டிகாஷனில் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "ரொம்பக் கசக்குதுடி" என்று எழுந்துபோய்க் கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொண்டு வந்தார். அவருக்கு எழுபத்து நான்கு வயது.

இரவில் பொடி போட்டு வைப்பது மகனின் முறை. வாரத்தில் இரண்டு நாளாவது மறந்துவிடுகிறான். அன்று எல்லோருக்கும் இன்ஸ்டன்ட்தான். பாட்டில் இப்போது அலமாரியில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் இருக்கிறது.