வளன் ஒரு தச்சன்

பகுத்தறிவாளனுக்குத் தேம்பாவணியிலே என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. 1968-இல் அண்ணாவின் ஆட்சி சென்னைக் கடற்கரையிலே வீரமாமுனிவருக்குச் சிலை எடுத்தது, அவர்தம் மதத்துக்காகவா? தமிழுக்காக! ஆதலின் நாமும் அந்த ஏட்டைப் புரட்டலாம்; கிறித்துமசு நெருங்கும் இந்நாளில் புரட்டுவது தேவையுங்கூட.

1726-இல் முடிவுற்ற அக்காப்பியத்தின் தலைவன் ஏசு அல்லன். அவரை வளர்த்த சூசை. எபிரேய மொழியில் அப்பெயருக்கு, 'அவர் கூட்டித் தருவார்' என்பது பொருள். முனிவர் அதனை 'வளன்' என்று தமிழாக்கினார். அறம் என்பது அறன் ஆவதுபோல, வளம் என்பதே வளன். உளி பிடித்து வயிறு கழுவிய தச்சனுக்குச் செல்வமென்றே பெயர்! 3,615 பாடல்களையும் விட இந்த ஒரு சொல்லையே நான் பெரிதென்பேன்.

ஆனால் காப்பியம் நாட்டுப்படலத்தோடன்றோ தொடங்குகிறது! சிந்தாமணியும் கம்பனும் போட்ட பாதை. கல்லும் கரடுமான யூதேயாவிலே நம் காவிரிக் கழனிகள். நெல், கரும்பு, தாமரை. விளைத்தவன் வயிறார உண்டானா என்ற பேச்சே இல்லை. அடுத்து நகரப்படலம், எருசலேமின் சிறப்பு. இத்தனை வளங்கொழித்த நாட்டிலே நிறைமாதப் பெண்ணுக்குச் சத்திரத்தில் ஓரிடம் இல்லையென்றும், பிள்ளையை மாட்டின் தீவனத் தொட்டியிலே கிடத்தினாளென்றும் விவிலியம் கூறுகிறதே, அது ஏன்? மரபு முனிவரைக் கேட்கவிடவில்லை. நாம்தாம் கேட்கவேண்டும்.

கேட்காமையின் விளைவை இன்று காண்கிறோம். 'காணிக்கை கொடு, கார் வரும். நம்பு, மாடிவீடு எழும்' என்னும் செழிப்புப் போதனை, அமெரிக்காவிலே தழைத்துத் தொலைக்காட்சி வழியாக நம்மூர் மேடைகளுக்கும் வந்துவிட்டது. கார் வரவில்லையா? 'உன் நம்பிக்கையிலே குறை' என்பர். 'முற்பிறவித் தீவினை' என்று கூறி நந்தனை வாயிலுக்கு வெளியே நிறுத்திய கதையைத் தில்லைக்கு அருகில் வாழும் நாம் அறியோமா? அங்கே வினை, இங்கே குறை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் மட்டும் அதே ஏழை! (பரமார்த்த குருவை எழுதி எள்ளிய முனிவர் இன்றிருப்பின், இக்குருமாரை விட்டிருப்பாரோ?)

2004 டிசம்பர் 26. கிறித்துமசுக்கு மறுநாட் காலை. ஆழிப்பேரலை கடலூர்த் தேவனாம்பட்டினத்து மீனவரையும் வேளாங்கண்ணிக்கு வந்த பயணிகளையும் ஒருசேர வாரிச் சென்றது. அவர்களிலே யார் நம்பிக்கையில் குறை இருந்ததென்று எந்தப் போதகர் அந்தத் தாய்மாரிடம் சென்று சொல்வார்?

கிறித்தவத் தோழர்களே, இந்த மாதம் தேம்பாவணியை எடுப்பீராயின், நாட்டுப்படலத்தைத் தாண்டி அந்தத் தச்சனின் பெயரிலிருந்து தொடங்குங்கள்.