எங்கே நின்று பார்க்கிறோம்?

பொழுதுபோக்காகப் படம் பிடிப்போருக்கென நடத்தப்பெறும் போட்டிகளிற் 'படக் கட்டமைப்பு' என்பது கோடுகளையும் வடிவங்களையும் அழகுற இயைப்பது என்றே பெரும்பாலும் கொள்ளப்படுகின்றது. இக்கருத்து முற்றிலும் ஏற்புடைத்தா?

அமெரிக்கக் கலைஞர் அல்பிரட் ஸ்டீகிளிட்ஸ் 1907ஆம் ஆண்டில் எடுத்த 'த ஸ்டியரேஜ்' என்னும் படத்தை நோக்குவோம். கப்பலின் மிகக் குறைந்த கட்டண வகுப்பைக் குறிப்பது அப்பெயர். ஐரோப்பா நோக்கிச் சென்ற கப்பலில் முதல் வகுப்புப் பயணியாயிருந்த அவர், கீழே நெருக்கியடித்து நின்ற ஏழை மக்களைக் கண்டார். வட்ட வைக்கோல் தொப்பி, சாய்ந்த புகைபோக்கி, ஏணி, ஒருவன் முதுகிற் குறுக்கிட்ட வெண்ணிறத் தோள்வார்கள் ஆகியவற்றின் இயைபு தம்மை ஈர்த்ததெனப் பின்னாளில் அவரே கூறினார். ஓடிச்சென்று கமராவைக் கொணர்ந்தார். எஞ்சியிருந்தது ஒரேயொரு தகடு.

இயைபு அற்புதமானது, ஐயமில்லை. ஆயினும் இம்மக்களை அமெரிக்காவிற் குடியேற வந்தோரென இன்றும் பலர் மயங்குகின்றனர். உண்மையில் அக்கப்பல் அமெரிக்காவை விட்டு நீங்கிச் சென்றது. அம்மக்கள் யாவர், ஏன் சென்றனர் என்பவற்றை வடிவங்கள் உரைக்கவில்லை.

எனினும், படம் ஓர் உண்மையை மறைக்கவில்லை. கமரா மேலிருந்து கீழே நோக்குகின்றது. முதல் வகுப்பு படத்தில் இல்லை. ஆனால் பார்வையே முதல் வகுப்பினுடையது. நிற்கும் இடத்தைத் தேர்வதே கட்டமைப்பின் முதற்செயல் என்பது இதனாற் புலனாகும். கோடுகளைத் தேடுமுன், தாம் யாருடன் நிற்கிறோமென இளங்கலைஞர் தம்மையே வினவுவாராக.